மோட்டாரைத் திறந்து மூடும் கைகள்

(திருவாரூரில் மின்பணியாளர்கள், தொழிற்பயிற்சி மாணவர்கள், பொதுமக்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



மோட்டாரைப் பற்றித் திருவாரூரில் பேச முன்னுரை தேவையில்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்காத வருஷங்களில் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரை நம்பித்தான் இங்கே குறுவை நடக்கிறது. காயில் போன மோட்டாரை வண்டியில் கட்டிக்கொண்டு வந்து, "நாளைக்கே வேணும் தம்பி, நாத்து காயுது" என்று கடை வாசலில் நிற்கிற விவசாயியைப் பார்க்காதவர் இந்த அவையில் யாரும் இருக்க முடியாது.

நான் பேச வந்தது அந்த மோட்டாரின் உடன்பிறப்பைப் பற்றி. எண்ணெய், எரிவாயு, ஹெக்சேன் ஆவி போன்றவை காற்றில் கலந்திருக்கக்கூடிய இடத்தில் ஓடுகிற மோட்டார். கம்பெனிகளில் இதை எஃப்.எல்.பி., அதாவது ஃபிளேம்புரூஃப் மோட்டார் என்பார்கள். கனமான வார்ப்பிரும்பு உடல், ஏகப்பட்ட போல்ட்டுகள், விலையும் அதிகம். அந்த விலை எதற்காக என்பதும், வாங்கிய பாதுகாப்பு எங்கே எப்படிக் கைவிட்டுப் போகிறது என்பதும்தான் இன்றைய பேச்சு.

நெல் விளையும் பூமியில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். அடியக்கமங்கலம், கமலாபுரம், கோயில்களப்பால் ஆகிய ஊர்ப் பெயர்கள் இந்திய எண்ணெய் வயல்களின் பட்டியலிலும் இருக்கின்றன. கிணற்றிலிருந்து வருவதைப் பிரித்து, எண்ணெயைத் தனியே, வாயுவைத் தனியே, தண்ணீரைத் தனியே அனுப்பும் நிலையங்கள் நம் வயல்களுக்கு நடுவேதான் நிற்கின்றன. மன்னார்குடிக்கு அப்பால் திருமக்கோட்டையில் 107 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் இருக்கிறது. நாகப்பட்டினம் பனங்குடியில் 1993-இல் சுத்திகரிப்பு ஆலையே வந்தது. 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்த பிறகு புதிய எண்ணெய்த் திட்டங்களுக்கு இங்கே இடமில்லை. ஆனால் ஏற்கெனவே ஓடுபவை ஓடிக்கொண்டிருக்கின்றன. எண்ணெய் எடுப்பதை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இந்த அவையில் இருப்பீர்கள். ஓடுகிற பம்பு பாதுகாப்பாக ஓடவேண்டும் என்பதில் இரண்டு கட்சி இருக்க முடியாது.

இந்த மோட்டாரின் வேலையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். வாயு உள்ளே புகாதபடி இறுக்கி மூடப்பட்டது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி மூட முடியாது. ஓடும்போது சூடாகி உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும். நிறுத்தியதும் ஆறி, வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளிக்காற்றில் வாயு இருந்தால் அதுவும் சேர்ந்து உள்ளே போகும். ஒருநாள் உள்ளே காயில் எரியும், பொறி பறக்கும், வெடிக்கும். மோட்டாரை வடிவமைத்தவர் இதை எதிர்பார்த்தே வடிவமைத்திருக்கிறார். வெடிப்பின் அழுத்தம் வெளிக்காற்றைப்போல ஏழெட்டு மடங்கு வரை ஏறும்; வார்ப்பிரும்பு உடல் அதைத் தாங்க வேண்டும். தாங்கினால் மட்டும் போதாது. உள்ளே எரிந்த சூடான வாயு, உடலும் மூடியும் சேருகிற விளிம்பு வழியாகத்தான் வெளியேறும். அந்த விளிம்பு நீளமாகவும் இடைவெளி மிகக் குறுகலாகவும் இருந்தால், வாயு வெளியே வருவதற்குள் இரும்பு அதன் சூட்டை உறிஞ்சிவிடும். வெளியிலிருக்கும் வாயுவைப் பற்றவைக்கும் வலு அதற்கு இருக்காது. இந்த விளிம்பைத்தான் ஃபிளேம் பாத் என்கிறோம்.

பள்ளிக்கூட ஆய்வகத்தில் இதன் மூலத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பன்சன் அடுப்புக்கு மேல் கம்பிவலையைப் பிடித்து, வலைக்கு மேலே மட்டும் பற்றவைத்தால் சுடர் மேலேயே நிற்கும். கீழே வாயு இருந்தும் இறங்காது. 1812-இல் இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் 92 பேர் செத்த பிறகு, 1815-இல் ஹம்ஃப்ரி டேவி இந்த உண்மையை வைத்துத்தான் சுரங்க விளக்கைச் செய்தார். மின்சாரம் சுரங்கத்துக்குள் வந்ததும் ஆபத்தும் புதிதாக வந்தது. 1913-இல் வேல்ஸில் செங்ஹெனித் சுரங்கத்தில் 439 தொழிலாளர்கள் மாண்டார்கள். மின்மணியின் பொறிதான் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஜெர்மனியில் கார்ல் பெய்லிங் என்பவர், இரும்புப் பெட்டிக்குள் வாயுவை நிரப்பி வெடிக்க வைத்து, விளிம்பு எவ்வளவு நீளம், இடைவெளி எவ்வளவு சிறிசு என்று சோதித்துக்கொண்டிருந்தார். இன்றைய எஃப்.எல்.பி. மோட்டாரின் வம்சாவளி அங்கே தொடங்குகிறது.

நம் நாட்டில் தன்பாத்திலுள்ள மத்திய சுரங்க, எரிபொருள் ஆராய்ச்சி நிறுவனத்தில் இன்றைக்கும் அதே வேலை நடக்கிறது. பெட்டிக்குள்ளும் வாயு, பெட்டியைச் சுற்றிலும் வாயு. உள்ளே பற்றவைப்பார்கள். உள்ளே வெடிக்க வேண்டும், வெளியே பற்றக் கூடாது. தேறினால் சான்றிதழ். பெட்ரோலியம் சார்ந்த இடங்களில் நாக்பூரில் தலைமையிடம் கொண்ட பெசோ என்ற பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதலும் வேண்டும்.

இடைவெளியின் அளவைச் சொல்கிறேன். 25 மில்லிமீட்டர் நீளமுள்ள விளிம்பில் மீத்தேனின் சுடர் தாண்டாமல் நிற்க, இடைவெளி 1.14 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். புரொப்பேனுக்கு 0.92. எத்திலீனுக்கு 0.65. ஹைட்ரஜனுக்கு 0.29. இவை ஆய்வகத்தில் கண்ட எல்லைகள். மோட்டாரில் அனுமதிக்கிற இடைவெளி இதைவிடக் குறைவு. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் வாயுக்களை ஐஐஏ, ஐஐபி, ஐஐசி என்று பிரிக்கிறார்கள். பெயர்ப்பலகையில் அது எழுதியிருக்கும். பக்கத்தில் டி1 முதல் டி6 வரை ஏதாவது ஒன்று இருக்கும். அது மோட்டாரின் சூடு எந்த எல்லையைத் தாண்டாது என்ற உறுதி. டி1 என்றால் 450 டிகிரி செல்சியஸ், டி3 என்றால் 200, டி4 என்றால் 135, டி6 என்றால் 85. தம்பிகளே, குதிரைத்திறனைப் படிப்பதற்கு முன்னால் இந்த இரண்டையும் படியுங்கள். பலகையின் மேல் பெயிண்ட் அடித்துவிட்ட மோட்டாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். படிக்க முடியாத பலகை உள்ள மோட்டாருக்குச் சான்றிதழ் இருந்தும் பயனில்லை.

இனி, என் மனத்தில் அதிகம் கனக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு ஆலையில் காயில் போன எஃப்.எல்.பி. மோட்டாரை வெளியே கொடுத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பார்க்கப் புத்தம் புதுசு. பளபளவென்று பச்சைப் பெயிண்ட். ஓட்டிப் பார்த்தார்கள், சத்தமே இல்லை. மாட்டுவதற்கு முன்னால் மூடியைக் கழற்றச் சொன்னேன். விளிம்பின் மேலும் பெயிண்ட் அடித்திருந்தது. துருவை எடுக்க எமரி போட்டுத் தேய்த்ததில் விளிம்பின் நடுவில் பள்ளம். சான்றிதழ்ப்படி இருக்கவேண்டிய போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கும்; நான்கு போல்ட் சாதாரண இரும்புக்கடை போல்ட். டெர்மினல் பெட்டியில் பயன்படாத கேபிள் ஓட்டை ஒன்றை எம்சீல் வைத்து அடைத்திருந்தார்கள். கட்டியவர் கெட்டிக்காரர், நேர்மையானவரும்கூட. வயலுக்குப் போகிற மோட்டாருக்குச் செய்கிற எல்லாவற்றையும் குறையில்லாமல் செய்திருக்கிறார். இது வேறு ஜாதி மோட்டார் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எழுதிக்கொடுத்த சீட்டில் "10 ஹெச்.பி., ரீவைண்டிங்" என்று மட்டும்தான் இருந்தது.

கோடிக் கணக்கில் செலவழித்து வாங்கிய பாதுகாப்பு பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. விற்பனையில் போவதில்லை, பழுதுபார்ப்பில் போகிறது.

காயில் கட்டும் கடையில் பழைய காயிலைப் பிய்க்க, ஸ்டேட்டரை நெருப்பில் போட்டுக் கொளுத்துவது வழக்கம். வார்னிஷ் எரிந்துவிட்டால் கம்பி சுலபமாக வரும். ஆனால் சூடு அளவு மீறினால், ஸ்டேட்டர் தகடுகளுக்கு நடுவிலிருக்கும் மெல்லிய பூச்சும் எரிந்துபோகும். தகடுகள் ஒன்றையொன்று தொட்டு, இரும்பிலேயே மின்சாரம் சுற்ற ஆரம்பிக்கும். மோட்டார் ஓடும், முன்பைவிடச் சூடாக ஓடும். வயலில் அதனால் மின்சாரம் வீணாகும், மோட்டாரின் ஆயுளும் குறையும். வாயு இருக்கிற இடத்தில் பலகையில் எழுதியிருக்கும் டி4 பொய்யாகிவிடும். கம்பியின் கேஜ் மாறினாலும் சுற்று மாறினாலும் இதே கதைதான்.

பேரிங் மாற்றுவதும் அப்படியே. ஷாஃப்ட் வெளியே வருகிற இடத்திலும் ஒரு ஃபிளேம் பாத் இருக்கிறது. தேய்ந்த ஷாஃப்டை லேத்தில் கொடுத்துக் கொஞ்சம் கடைந்துவிட்டால் பேரிங் அழகாக உட்காரும்; ஆனால் சுடரை நிறுத்தவேண்டிய இடைவெளி அகலமாகியிருக்கும். அளவு தெரியாமல் கிரீஸ் அடைத்தால் பேரிங்கே சூடேறும். போல்ட் ஒன்று குறைந்தால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். வெடிப்பின்போது மூடி அந்தப் பக்கம் நூலளவு தூக்கும். சுடருக்கு நூலளவு போதும்.

பழுதுபார்ப்பதற்கென்றே ஐ.எஸ்./ஐ.இ.சி. 60079 வரிசையில் 19-ஆம் பகுதி இருக்கிறது. சோதித்துப் பராமரிக்க 17-ஆம் பகுதி. தேர்ந்தெடுத்து நிறுவ 14-ஆம் பகுதி. இந்திய தர நிர்ணய அமைவனம் ஏற்றுக்கொண்டவை இவை. எதை எடுத்தோம், எதைப் போட்டோம், விளிம்பில் என்ன அளவு கண்டோம் என்று எழுதிவைக்க வேண்டும் என்பது 19-ஆம் பகுதியின் சாரம். டெல்டாவில் காயில் கட்டுகிற கைகளைப்போலத் தேர்ந்த கைகள் தமிழ்நாட்டில் குறைவு. அந்தக் கைகளுக்கு இந்தப் பாடம் தமிழில் போய்ச் சேரவில்லை என்பதே என் ஆதங்கம்.

தவிட்டெண்ணெய்க்கு வருவோம், ஏனென்றால் இது நெல் நாட்டின் சொந்தப் பிரச்சினை. தவிட்டில் ஆறில் ஒரு பங்கு போல எண்ணெய் இருக்கிறது. அரைத்தவுடன் அதிலிருக்கும் நொதி எண்ணெயைக் கெடுக்கத் தொடங்கும் என்பதால் சீக்கிரமாகப் பிரித்தெடுக்க வேண்டும். செக்கில் ஆட்டினால் கட்டாது. ஹெக்சேன் என்ற திரவத்தை ஊற்றி எண்ணெயைக் கரைத்து எடுத்து, பிறகு ஹெக்சேனை ஆவியாக்கி மீட்கிறார்கள். சால்வெண்ட் ஆலை என்பது இதுதான். ஹெக்சேன் ஆவி காற்றில் நூற்றுக்கு ஒன்றைச் சற்றுத் தாண்டினாலே பற்றும். காற்றைப்போல மூன்று மடங்கு கனம். மேலே போகாது, வடிகாலிலும் கேபிள் பள்ளத்திலும் இறங்கிப் படுத்துக்கொள்ளும். அதனால்தான் இத்தகைய இடங்களில் கேபிள் பள்ளத்தை மணல் போட்டு நிரப்புகிறார்கள். அந்த மணலை அள்ளிவிட்டு ஒரு கேபிள் போட்டவர்கள் திரும்ப நிரப்பாமல் போனால், ஆவி நடந்து போகப் பாதை போட்டுக்கொடுத்ததாகிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. சுமார் 225 டிகிரியில் ஹெக்சேன் பொறியே இல்லாமல் சூட்டில் பற்றிக்கொள்ளும். மீத்தேனுக்கு 500 டிகிரிக்கு மேல் போக வேண்டும். எங்கோ ஏலத்தில் வந்த பழைய எஃப்.எல்.பி. மோட்டாரை, "அதுவும் எஃப்.எல்.பி. தானே" என்று வாங்கி சால்வெண்ட் ஆலையில் மாட்டுகிறார்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் மீத்தேனுக்கென்று சான்று பெற்ற மோட்டார், ஹெக்சேனுக்குப் பொருந்தும் என்று யாரும் சொல்லவில்லை. எண்ணெய் எடுத்த தவிடு குடோனுக்குப் போன பிறகும் அதில் கொஞ்சம் ஹெக்சேன் ஒட்டிக்கொண்டு போகும். மூட்டை பிடிக்கிற இடத்தில் சாதாரண மோட்டாரும் சாதாரண விளக்கும் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அரிசி ஆலையில் வாயு இல்லை, தூசி இருக்கிறது. ஈரநெல்லைக் காப்பாற்ற வழி காண 1967-இல் இதே திருவாரூரின் நவீன அரிசி ஆலை வளாகத்தில் தொடங்கிய சிறு ஆய்வகம்தான் வளர்ந்து, தஞ்சாவூரில் இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. நெல்லை அறிவியலோடு சேர்த்த ஊர் இது. அந்த ஊரின் ஆலைகளில் எலிவேட்டரின் உச்சியில் விரல்கனத்துக்குத் தவிட்டுத் தூசி படிந்த மோட்டார் ஓடக் கூடாது. தூசி போர்வையாகிச் சூட்டை அடக்கும்; கனன்று புகையும்; யாராவது துடைப்பத்தால் தட்டினால் காற்றில் எழும்பிப் பற்றும். 2008 பிப்ரவரி 7-இல் அமெரிக்காவின் போர்ட் வென்ட்வொர்த் சர்க்கரை ஆலையில் 14 பேர் இறந்தார்கள். மூடிய கன்வேயருக்குள் சூடேறிய பேரிங் ஒன்று சர்க்கரைத் தூசியைப் பற்றவைத்திருக்க வேண்டும் என்றது விசாரணை. வாயுவுக்குச் சான்று பெற்ற மோட்டார் தூசிக்கும் ஆகும் என்று நினைக்காதீர்கள். தூசிக்குத் தனிச் சான்று. எரியும் தூசியைப் பற்றி 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே 37-ஆம் பிரிவு பேசியிருக்கிறது.

நம் பருவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மோட்டார் இரண்டு நாள் நின்றால் உள்ளே வியர்க்கும். கடற்கரைப் பக்கத்து உப்புக்காற்றில் விளிம்பு துருப்பிடிக்கும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்தபோது மின்சாரமே இல்லாமல் நாட்கணக்கில் கிடந்த ஊர்கள் இவை. நின்றிருக்கும் மோட்டாருக்குள் ஈரம் சேராமல் இருக்கச் சிறு ஹீட்டர் உண்டு. அதன் ஒயரைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். வெள்ளத்தில் மூழ்கிய எஃப்.எல்.பி. மோட்டாரைக் காயவைத்து ஓட்டிவிடக் கூடாது. திறந்து, விளிம்பைப் பார்த்து, அளந்து, தயாரிப்பாளர் சொன்ன இறுகாத கிரீஸை மெல்லிசாகத் தடவி, பிறகுதான் மூட வேண்டும். திறப்பதற்கு முன்னால், "மெயினை ஆஃப் பண்ணிட்டேன்" என்று யாரோ கத்தியதை நம்பக் கூடாது. உங்கள் பூட்டு, உங்கள் சாவி, உங்கள் பெயர் எழுதிய அட்டை. மின்காப்பைச் சோதிக்கும் மெகர் வைத்துப் பார்ப்பதாக இருந்தாலும், மெகரே பொறி விடும்; அந்த இடத்தில் வாயு இல்லை என்று கருவி வைத்துப் பார்த்துப் பர்மிட் எழுதிய பிறகே.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் போதாது; ஆபத்து மண்டலம் என்று வரைபடத்தில் போட்ட கோட்டுக்கு வெளியே கோட்டைவிட்ட இரண்டு ஊர்களைச் சொல்ல வேண்டும். 2009 அக்டோபர் 29 மாலை, ஜெய்ப்பூர் சீதாபுராவில் இந்தியன் ஆயில் முனையத்தில் பெட்ரோல் பீறிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவி பரவிக்கொண்டே இருந்து, பிறகு வெடித்தது. 11 பேர் பலி. எம்.பி. லால் தலைமையிலான குழு, நிர்வாகக் கட்டடத்திலிருந்த எஃப்.எல்.பி. அல்லாத மின்கருவியோ, கிளப்பிய ஒரு வண்டியோ பற்றவைத்திருக்கலாம் என்றது. 2005 டிசம்பரில் இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டில் தொட்டி நிரம்பி வழிந்தபோது, தீயை அணைப்பதற்கென்று வைத்திருந்த பம்பு அறையிலேயே முதலில் பற்றியிருக்க வேண்டும் என்று விசாரணை சொன்னது. வரைபடத்தில் முதல் மண்டலம், இரண்டாம் மண்டலம் என்று போட்ட கோடு வழக்கமான கசிவுக்குப் போட்டது. பெருங்கசிவு அந்தக் கோட்டைப் பார்த்து நிற்காது.

இந்த இடத்தில் விவசாயிகளிடம் ஒரு வேண்டுகோள். 2017 ஜூன் 30-இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் தீ மூண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். நம் வயல்களுக்கு அடியில் குழாய்கள் போகின்றன. வீட்டு சிலிண்டருக்கு வாசனை சேர்ப்பதுபோல வயலிலிருந்து வரும் வாயுவுக்குச் சேர்ப்பதில்லை. அதனால் மூக்கை நம்பாதீர்கள். தேங்கிய தண்ணீரில் விடாமல் குமிழி வருகிறதா, சீறும் சத்தம் கேட்கிறதா, ஒரு பட்டையில் மட்டும் பயிர் கருகுகிறதா என்று பாருங்கள். கண்டால், பக்கத்திலிருக்கும் பம்புசெட்டை நிறுத்த ஓடாதீர்கள். ஸ்டார்ட்டர் பெட்டியில் ஆன் பண்ணினாலும் பொறி, ஆஃப் பண்ணினாலும் பொறி. ஓடுகிற மோட்டார் ஓடட்டும். காற்று வரும் திசையைப் பார்த்து எதிர்க்காற்றில் விலகி, தூரமாகப் போன பிறகு போன் செய்யுங்கள்.

ஆலை நடத்துபவர்களுக்கு: எஃப்.எல்.பி. மோட்டாரைக் கட்டக் கொடுக்கும்போது சீட்டில் சான்றிதழ் எண்ணையும் வாயு வகையையும் டி வகுப்பையும் எழுதுங்கள், வரைபடத்தின் நகலைச் சேர்த்துக் கொடுங்கள். திரும்பி வரும்போது அளவு எழுதிய தாள் இல்லாமல் வாங்காதீர்கள். ஸ்பீடு குறைக்க டிரைவ் மாட்டுவதாக இருந்தால், மெதுவாகச் சுற்றும்போது விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், மோட்டார் சூடேறும். டிரைவோடு சேர்த்துச் சான்று பெற்ற மோட்டாரா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேல், மூடியைத் திறந்து "இது சரியில்லை, மாட்ட மாட்டேன்" என்று சொல்கிற ஒப்பந்தத் தொழிலாளியின் கூலியைப் பிடிக்காதீர்கள். உற்பத்தி நிற்கிறதே என்று நாலு பக்கமிருந்தும் போன் வரும்போது அதைச் சொல்ல அவனுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவன் பக்கம் நிற்க மேலே ஓர் ஆள் வேண்டும். எழுத்தில் அந்த அதிகாரத்தை அவனுக்குக் கொடுங்கள்.

மாவட்டத்தின் தொழிற்பயிற்சி நிலையங்களில் எலக்ட்ரீஷியன் பிரிவில் இதற்கென்று சில வாரங்கள் ஒதுக்க வேண்டும். 17-ஆம், 19-ஆம் பகுதிகளின் சாரம் தமிழில் கையேடாக வர வேண்டும். காயில் கட்டும் கடைக்காரர்களையும் அந்த வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். எழுதிக்கொடுக்க நான் தயார்.

இந்த மேசைமேல் இருப்பது 5 ஹெச்.பி. எஃப்.எல்.பி. மோட்டார், மூடி கழற்றியது. பக்கத்தில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இருக்கிறது. மாணவர்கள் நான்கு நான்கு பேராக வாருங்கள். முதலில் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், பிறகு மூடியை வைத்து எல்லா போல்ட்டையும் இறுக்குங்கள், சுற்றிலும் பல இடத்தில் கேஜை நுழைத்துப் பாருங்கள். நுழைந்த தகட்டின் அளவை அந்த நோட்டில் பெயரோடு எழுதிவிட்டுப் போங்கள். ஒரு போல்ட்டை நான் வேண்டுமென்றே மாற்றி வைத்திருக்கிறேன். எது என்று கண்டுபிடிப்பவர்கள் அதையும் எழுதுங்கள்.